ரோமானிய வெண்கலக் காசைப் படிப்பது எப்படி: எடை முதல் சின்னம் வரை

பழைய செப்புக்காசு கைக்கு வந்ததும் நம் வீடுகளில் நடக்கும் முதல் காரியம், புளி போட்டுத் தேய்ப்பது. குத்துவிளக்குக்கு அது சரி. 1,600 ஆண்டு மண்ணுக்குள் கிடந்த காசுக்கு அதுவே மரணம். எழுத்தும் உருவமும் நிற்பது உலோகத்தின் மேல் அல்ல, அதன்மேல் படிந்து இறுகிய களிம்பின் மேல். அமிலம் அந்தப் படலத்தைக் கரைத்துவிட்டால், சொறிசொறியான சிவந்த தகடு மட்டுமே மிஞ்சும். எனவே இந்த வழிகாட்டியில் வரிசை முக்கியம்: முதலில் அளவு, பிறகு வாசிப்பு, கடைசியில்தான் சுத்தம். பல காசுகளுக்குக் கடைசிப் படி தேவையே படாது.

கையில் இருக்க வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு, வெர்னியர் காலிப்பர், நகைக்கடைகளில் பயன்படுத்தும் 10 மடங்கு லென்ஸ், கழுத்தை வளைக்கக்கூடிய மேசைவிளக்கு, ஒரு காந்தம், குறிப்பேடு. சுத்தம் செய்வதானால் டிஸ்டில்டு வாட்டர், மூங்கில் பல்குச்சி, மென்மையான பழைய டூத்பிரஷ். இவற்றில் விளக்குதான் ராஜா. மேலிருந்து நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து தெரியாது. விளக்கைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் ஒளி படும்படி வைத்துக் காசை மெல்லச் சுழற்றினால், இல்லையென்று நினைத்த எழுத்துகள் நிழலாக எழும். கைப்பேசியில் படம் எடுக்கும்போதும் இதே முறைதான். நான்கு திசைகளிலிருந்தும் ஒளி விட்டு நான்கு படம் எடுத்தால், ஒன்றில் விட்ட எழுத்து இன்னொன்றில் கிடைக்கும்.

படி 1: எடை, விட்டம், உலோகம்

பெயரைத் தேடுவதற்கு முன் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். காலத்தை முதலில் சுருக்கித் தருவது அதுதான்.

முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் அமைந்த முறையில் செஸ்டர்டியஸ் என்ற பெரிய காசு சுமார் 25 கிராம், 32 முதல் 35 மில்லிமீட்டர். அதன் பாதி மதிப்புள்ளது டுபோண்டியஸ், 12 முதல் 13 கிராம். அதிலும் பாதி மதிப்பு ஆஸ், ஏறத்தாழ 11 கிராம். எடையை மட்டும் பார்த்தால் பின்னிரண்டும் குழப்பும். வேறுபாடு உலோகத்தில். செஸ்டர்டியஸும் டுபோண்டியஸும் செம்பும் துத்தநாகமும் கலந்த ஓரிகால்கம், அதாவது நம் பித்தளை. ஆஸ் சுத்தச் செம்பு. தேய்ந்த ஓரத்தில் மஞ்சள் தெரிகிறதா, சிவப்பு தெரிகிறதா என்று பாருங்கள். அது புலப்படாவிட்டால் பேரரசர் தலையைப் பாருங்கள்: நீரோ காலத்திலிருந்து டுபோண்டியஸில் பெரும்பாலும் கதிர்கள் நீட்டிய கிரீடம், ஆஸில் லாரல் இலை மாலை. "வெண்கலக் காசு" என்பது நாணயவியலில் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பொதுப்பெயர் மட்டுமே.

மூன்றாம் நூற்றாண்டில் இந்த ஒழுங்கு சரிந்தது. பேரரசர் கேரகல்லா கி.பி. 215இல் வெள்ளிக் காசாகத் தொடங்கிய கதிர்க்கிரீடக் காசு, ஐம்பது ஆண்டுக்குள் மேலே மட்டும் வெள்ளி பூசிய செம்பாகிவிட்டது. 294 வாக்கில் டயோக்ளீஷியன் ஏறக்குறைய 10 கிராம் எடையில் நுண்ணிய வெள்ளிப் பூச்சுடன் புதிய காசு கொண்டுவந்தார். அதுவும் நிலைக்கவில்லை. கான்ஸ்டன்டைன் ஆட்சியில் 3 கிராம், அவர் மகன்கள் காலத்தில் 1.6 கிராம் என்று இளைத்துக்கொண்டே போயிற்று. நான்காம் நூற்றாண்டின் காசுகளுக்கு அக்காலத்தவர் வைத்த பெயர்கள் பல நமக்கு உறுதியாகத் தெரியாததால், விட்டத்தை வைத்தே வகைப்படுத்துகிறார்கள்: 25 மி.மீ.க்கு மேல் முதல் அளவு, 21 முதல் 25 வரை இரண்டாம் அளவு, 17 முதல் 21 வரை மூன்றாம் அளவு, அதற்குக் கீழ் நான்காம் அளவு.

காந்தத்தில் ஒட்டினால் அது இரும்பு. போலி என்று வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

படி 2: தலைப்பக்கம்

முகத்தை வைத்து ஆளை அடையாளம் காண முயல்வதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. நீரோவின் தடித்த கழுத்து, வெஸ்பாசியனின் வழுக்கை என்று முதல் இரு நூற்றாண்டுகளில் முகம் உதவும். நான்காம் நூற்றாண்டில் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த சிலை போல இருப்பார்கள். தலையில் என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள். லாரல் மாலையா, கதிர்க்கிரீடமா, முத்து கோத்த டயடம் என்ற பட்டமா, தலைக்கவசமா, வெறுந்தலையா? முத்துப்பட்டம் என்றால் கான்ஸ்டன்டைனின் பிற்பகுதி அல்லது அதற்குப் பின். அக்காலத்தில் வெறுந்தலை என்றால் பெரும்பாலும் அவர் அகஸ்டஸ் என்ற பட்டம் பெற்ற முழுப் பேரரசர் அல்ல, இளைய பதவியான சீசர். 350களில் வெறுந்தலை இளைஞர் கண்ணில் பட்டால் கான்ஸ்டாண்டியஸ் காலஸ் அல்லது ஜூலியன் என்று ஆட்டம் பெரும்பாலும் சுருங்கிவிடும்.

எழுத்து இடப்பக்கக் கீழ்மூலையில் தொடங்கிக் கடிகார முள் திசையில் ஓடும். சொற்களுக்கிடையே இடைவெளி இருக்காது. யு என்ற எழுத்து வி வடிவில்தான் வரும். தொடக்கமும் முடிவும் பட்டங்கள், நடுவில் பெயர். தொடக்கத்தில் ஐ-எம்-பி இருந்தால் இம்பெராட்டர், மூன்றாம் நூற்றாண்டு வரை அதுவே வழக்கம். டி-என் (DN) என்றால் "டோமினுஸ் நோஸ்டர்", நம் ஆண்டவன் என்று பொருள். நான்காம் நூற்றாண்டுக் காசில் இதுதான் மிகுதி. முடிவில் பி-எஃப் ஏ-வி-ஜி என்றால் பக்தியும் பாக்கியமும் உள்ள அகஸ்டஸ். என்-ஓ-பி சி என்றால் மேன்மைமிகு சீசர்.

முதல் இரு நூற்றாண்டுக் காசுகளில் டி-ஆர்-பி (TR P) என்ற எழுத்துகளுக்குப் பின் ரோமன் எண் வந்தால் அதிர்ஷ்டம். அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட மக்கள் மன்றப் பதவி, எனவே ஆண்டையே சொல்லிவிடும். சி-ஓ-எஸ் என்பது ரோமின் உயர் ஆட்சிப் பதவியான கான்சல் எத்தனையாவது முறை என்பதைக் காட்டும். வெஸ்பாசியன் காசில் கான்சல் மூன்றாம் முறை என்றால் கி.பி. 71.

நுட்பமான குறிப்பு ஒன்று. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பெயர் தலையால் இரண்டாக உடைக்கப்பட்டிருக்கிறதா, இடைவெளியின்றி வளைந்து ஓடுகிறதா என்று கவனியுங்கள். மூத்த பேரரசருக்கு உடைந்த வரி, இளையவருக்கு உடையாத வரி என்ற வழக்கம் அப்போது இருந்தது. இரண்டாம் வாலன்டினியன், ஆர்கேடியஸ் ஆகியோரின் தொடக்கக் காசுகளைக் காலவரிசையில் வைக்க இது உதவுகிறது.

எழுத்து கிரேக்கமாக இருந்தால் அது கிழக்கு மாகாண நகரங்கள் அடித்த காசு. அதற்குத் தனிப் பட்டியல்கள் வேண்டும், இங்கே விட்டுவிடுவோம்.

படி 3: பின்பக்கம். கைகளைப் பாருங்கள்

சின்னங்கள் வாழும் இடம் இதுதான். ரோமானியர் ஒரு கருத்தைப் பெண்ணாகவோ தெய்வமாகவோ நிறுத்தி, கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிடுவார்கள். சிவனை மான்மழுவாலும் முருகனை வேலாலும் அறிகிறவர்களுக்கு இந்த முறையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வரிசை இதுவே: நிற்கிறாரா, அமர்ந்திருக்கிறாரா, வலக்கையில் என்ன, இடக்கையில் என்ன, காலடியில் என்ன, தலையில் என்ன. பெயரைத் தேடாமல் இந்த ஐந்தையும் எழுதுங்கள். எழுதி முடிப்பதற்குள் பெயர் பெரும்பாலும் வந்துவிடும்.

இறக்கை இருந்தால் விக்டோரியா, வெற்றி. கையில் மாலையும் பனையோலையும் இருக்கும். சுக்கான் பிடித்திருந்தால் ஃபார்ச்சூனா, விதியைத் திருப்புகிறவள். தட்டிலிருந்து பாம்புக்கு ஊட்டினால் சாலுஸ், நலம். காலடியில் தானியம் அளக்கும் மரக்கால், கையில் கதிர் என்றால் அன்னோனா, ரோம் நகரத்துக்கு வரும் தானியக் கப்பல்களின் உருவம். ஒலிவக் கிளை என்றால் பாக்ஸ், அமைதி. இரு பாம்பு பின்னிய கோல் இருந்தால் ஃபெலிசிட்டாஸ். இருபுறமும் படைக்கொடிக் கம்பங்கள் என்றால் ஃபிடெஸ், படையின் விசுவாசம். கூம்புத் தொப்பியை நீட்டினால் லிபெர்ட்டாஸ். விடுதலை பெற்ற அடிமை அணிந்த தொப்பி அது. மலரை ஏந்தி ஆடையின் நுனியைத் தூக்கினால் ஸ்பெஸ், நம்பிக்கை. தூணில் சாய்ந்து நின்றால் செகுரிட்டாஸ், கவலையற்ற நிலை.

பழங்கள் வழியும் கொம்பை மட்டும் நம்பாதீர்கள். பாதிப் பேர் கையில் அது இருக்கும். தராசும் கொம்பும் சேர்ந்து வந்தால் நாணயச்சாலையின் மொனெட்டாவா, நேர்மையின் ஈக்விட்டாஸா என்பதை எழுத்துதான் சொல்ல முடியும். எழுத்து அழிந்திருந்தால் இரண்டையும் எழுதி, நடுவில் "அல்லது" போட்டுவிடுவதே நேர்மை.

ஆண் உருவங்கள் குறைவு. தலையில் கதிர், உயர்த்திய வலக்கை, இடக்கையில் உருண்டை என்றால் சூரியன், சோல். இடியும் கழுகும் ஜூபிட்டருக்கு. தலையில் சிறு மரக்கால், கையில் தட்டு, கொம்பு, தோளில் மட்டும் துணி என்றால் டயோக்ளீஷியன் காலப் பெரிய காசுகளின் ரோமானிய மக்களின் ஜீனியஸ்.

விலங்கு மட்டும் தனியாக நின்றால் பேரரசர் கேலியெனஸை நினையுங்கள். 267, 268இல் ரோம் நாணயச்சாலை ஒரு விலங்குக் கூட்டத்தையே அடித்தது: டயானாவுக்கு மான், நெப்டியூனுக்குக் குதிரைத் தலையும் மீன் உடலும் உள்ள கடல்குதிரை, ஜூபிட்டருக்கு ஆடு, பாக்கஸுக்குச் சிறுத்தை. எல்லா எழுத்துகளும் ஒரே வேண்டுதல்தான்: பேரரசரைக் காப்பாற்று. அடுத்தடுத்துக் கலகக்காரர்களைச் சமாளித்துக்கொண்டிருந்தவர், 268இல் தம் ஆட்களாலேயே கொல்லப்பட்டார்.

காசின் பின்பக்கத்தை நடந்த செய்தி என்று எடுக்கக் கூடாது, அரசு நம்பவைக்க விரும்பிய செய்தி என்றே எடுக்க வேண்டும். படையின் விசுவாசம் காசில் மிகுந்தால் படைமுகாமில் அது குறைந்திருக்கிறது என்று சந்தேகிப்பது பெரும்பாலும் வீண்போகாது.

நான்காம் நூற்றாண்டு வகைகள்: நிதானமாகப் பார்க்க வேண்டிய பகுதி

தொகுப்புகளில் மலிவாகவும் அதிகமாகவும் வருவது இந்தக் காலமே. பேரரசு பழைய தெய்வங்களிலிருந்து கிறித்தவத்துக்கு நகர்ந்ததை இந்தச் சில்லறையில் படிப்படியாகப் பார்க்கலாம், அதுவும் பாடநூல் சொல்வதைவிட மெதுவாக.

கான்ஸ்டன்டைன் கிறித்தவத்தின் பக்கம் திரும்பியதாகச் சொல்லப்படும் மில்வியன் பாலப் போரில் வென்றது 312இல். ஆனால் "வெல்லமுடியாத சூரியன், என் துணைவன்" என்ற சூரியக் காசு 318 வாக்கு வரை ஓடியது. 327இல் கான்ஸ்டான்டிநோபிளில் அடித்த ஓர் அரிய வகையில்தான் கிறிஸ்துவின் கிரேக்க முதலெழுத்துகள் சூடிய கொடிக்கம்பம் பாம்பைக் குத்தி நிற்கிறது. அது பரவவே இல்லை. பரவியவை நடுநிலைப் படங்கள். 324 முதல் 330 வரை மேலே இரு கோபுரங்களும் நடுவில் நட்சத்திரமும் கொண்ட கோட்டை வாயில். 330இலிருந்து இரு வீரர்கள் ஈட்டியுடன் நிற்கும் "படையின் புகழ்". இதில் வீரர்களுக்கிடையே இரண்டு கொடிக்கம்பங்கள் இருந்தால் 330 முதல் 335, ஒன்று மட்டும் என்றால் அதற்குப் பின். எடை குறைந்ததும் தகடு சிறுத்தது, கம்பங்களில் ஒன்று போயிற்று.

அதே 330இல் புதிய தலைநகரம் திறக்கப்பட்டதையொட்டி இரு காசுகள் இணையாக வந்தன. ஒன்றில் தலைக்கவசமணிந்த ரோமா. பின்னே இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் ஓநாய், மேலே இரு நட்சத்திரம். மற்றதில் தலைக்கவசமும் கோலும் கொண்ட கான்ஸ்டான்டிநோபிளின் உருவம். பின்னே கப்பல் முனையில் நிற்கும் விக்டோரியா. இரண்டிலும் பேரரசர் முகமே இல்லை. அதனால்தான் பலர் பெயர் கிடைக்காமல் திணறுகிறார்கள்.

337இல் கான்ஸ்டன்டைன் இறந்தபின் வந்த 15 மி.மீ. சிறுகாசு இந்த வகைகளிலேயே சுவையானது. தலையில் முக்காடிட்ட உருவம், எழுத்தில் "தெய்வமான" என்ற பழைய புறச்சமயப் பட்டம். பின்னே நான்கு குதிரைத் தேரில் அவர் மேலேறுகிறார், வானிலிருந்து ஒரு கை நீண்டு அவரைப் பற்ற வருகிறது. தேர் பழைய வழக்கம், கை புதிய சமயம்.

348இல் "நற்காலம் திரும்பியது" என்ற வரிசை. ரோம் பிறந்த 1,100ஆவது ஆண்டையொட்டி என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஃபீனிக்ஸ் பறவை, குடிசையிலிருந்து ஒருவனை அழைத்துவரும் வீரன், கப்பலில் பேரரசர் என்று பல படங்கள். நிலைத்தது ஒன்றே: விழுந்த குதிரைவீரனை ஈட்டியால் குத்தும் ரோமானிய வீரன். 350களில் இதுவே பேரரசின் சில்லறை. விழுந்தவன் கையை நீட்டுகிறானா, குதிரைக் கழுத்தைப் பற்றுகிறானா, மண்டியிடுகிறானா என்பதைக் கொண்டு உட்பிரிவுகள் உண்டு.

361இல் தனி ஆட்சிக்கு வந்த ஜூலியன் பழைய சமயத்துக்குத் திரும்பியவர். அவருடைய பெரிய காசில் காளை, மேலே இரு நட்சத்திரம். காளையின் பொருள் இன்றுவரை விவாதத்தில் உள்ளது. எகிப்தின் தெய்வக் காளை ஆப்பிஸ் என்பார்கள் சிலர், ராசி என்பார்கள் வேறு சிலர்.

இனி அதிகம் குழப்பும் மூன்று. ஆடை பறக்க இடப்பக்கம் நடக்கும் விக்டோரியா தனியாக, கையில் மாலை என்றால் வாலன்டினியன், வாலன்ஸ் காலக் "குடியரசின் பாதுகாப்பு", 364 முதல் 378. கொடியேந்திய பேரரசர் கைதியின் தலைமயிரைப் பற்றி இழுத்தால் அதே காலத்தின் "ரோமானியரின் புகழ்". இவை இரண்டும் 17, 18 மி.மீ. சுற்றில் இருக்கும். இறக்கையுள்ள விக்டோரியாவே கைதியை இழுத்துச் சென்றால், காசும் 13 மி.மீ., ஒரு கிராம் சுற்றில் இருந்தால், 388க்குப் பிந்தைய "குடியரசின் நலம்". இறக்கையும் அளவும் தீர்ப்பு சொல்லும்.

படி 4: அடிக்கோட்டுக்குக் கீழே

பின்பக்கத்தில் உருவத்தின் காலுக்குக் கீழ் ஒரு கோடு, அதன்கீழ் சில எழுத்துகள். மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இது நாணயச்சாலைக் குறி. எஸ்-எம் என்று தொடங்கினால் "புனித நாணயச்சாலை". அதற்குப் பின் ஏ-என் வந்தால் அந்தியோக்கியா, ஏ-எல் என்றால் அலெக்சாந்திரியா, என் என்றால் நிகோமீடியா, கே என்றால் சிசிகஸ், ஹெச் என்றால் ஹெராக்ளியா, டி-எஸ் (TS) என்றால் தெசலோனிகா. சி-ஓ-என்-எஸ் கான்ஸ்டான்டிநோபிள். டி-ஆர் (TR) ட்ரியர், ஏ-கியூ அக்விலியா, எஸ்-ஐ-எஸ் சிஸ்கியா.

மீதி ஓரெழுத்து பட்டறையின் எண். கிழக்கில் ஆல்பா, பீட்டா, காமா என்று கிரேக்க வரிசை. மேற்கில் பி, எஸ், டி, கியூ (P, S, T, Q). முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம் என்பதன் லத்தீன் முதலெழுத்துகள். எஸ் என்பது "புனித" என்பதா, "இரண்டாம் பட்டறை" என்பதா என்று குழம்ப இடமுண்டு. அது வரும் இடத்தையும் அருகில் எம் இருக்கிறதா என்பதையும் பார்த்து முடிவுசெய்யுங்கள். விட்டம் குறைந்த தகட்டில் இந்த வரி வெளியே விழுந்திருப்பதும் சகஜம். அப்போது ஊரைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம்.

ஒரு காசை முழுதாகப் படித்துப் பார்ப்போம்

17.5 மி.மீ., 2.3 கிராம். முத்துப்பட்டமணிந்த தலை வலப்பக்கம். எழுத்தில் தொடக்கத்தில் டி-என், நடுவில் "கான்ஸ்டான்", முடிவில் "...டியஸ் பி-எஃப் ஏ-வி-ஜி". "டியஸ்" என்று முடிவதால் கான்ஸ்டாண்டியஸ்; "டினஸ்" என்றால் கான்ஸ்டன்டைன், "ஸ்டன்ஸ்" என்றால் கான்ஸ்டன்ஸ். தந்தை பெயரும் மகன்கள் பெயரும் ஒரே வேரில் இருப்பதால் கடைசி மூன்று நான்கு எழுத்துகளே வழக்கைத் தீர்க்கும். முத்துப்பட்டம் இருப்பதால் காலஸ் அல்ல, இரண்டாம் கான்ஸ்டாண்டியஸ். பின்னே குதிரைவீரனைக் குத்தும் வீரன், கீழே எஸ்-எம்-என் என்று தொடங்கி ஒரு கிரேக்க எழுத்து. முடிவு: நிகோமீடியா, எடை குறைக்கப்பட்ட பின் வந்தது, எனவே 350களின் நடுப்பகுதி. இதே படம் 348இல் வந்தபோது காசு இதைப்போல் இரு மடங்கு கனம்.

கரூர், மதுரை, இலங்கைக் காசுகள்

அகஸ்டஸ், டைபீரியஸ் காலத் தங்கமும் வெள்ளியும் தமிழகத்தில் புதையல்களாகக் கிடைத்தன. வெண்கலச் சில்லறையின் கதை வேறு. கரூர் அமராவதி ஆற்றுமணலிலும் மதுரைப் பகுதியிலும் இலங்கையிலும் கிடைப்பவை பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சிறுகாசுகள். மிகத் தேய்ந்தவை, பலவற்றில் எழுத்தே இராது. இவற்றைப் படிக்கப் பின்பக்க உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் நம்புங்கள்: கைதியை இழுக்கும் விக்டோரியா, மாலைக்குள் சிலுவை, நிற்கும் மூன்று பேரரசர்கள், குதிரைமேல் பேரரசர். இவற்றோடு பொருந்துகிறதா என்று பார்த்தாலே பெரும்பகுதி பிரிந்துவிடும்.

இலங்கையில் இந்தக் காசுகளைப் பார்த்து உள்ளூரில் அடித்த போல்மக் காசுகளும் ஏராளம். எழுத்து வெறும் கோடுகளாக இருக்கும், உருவம் குச்சி மனிதனாக இருக்கும். இவற்றைப் போலி என்று ஒதுக்கினால் வரலாற்றையே ஒதுக்குவதாகும். இவையும் அக்காலத்துக் காசுகளே.

படி 5: சுத்தம் செய்தே ஆக வேண்டுமென்றால்

படித்து முடித்த காசுக்கு இது தேவையில்லை. மண் மூடி எதுவும் தெரியாததற்கு மட்டும்.

டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து முதல் வாரம் தினமும், பின்னர் வாரம் ஒருமுறை நீரை மாற்றுங்கள். குழாய்நீர் வேண்டாம், அதிலுள்ள குளோரைடு காசுக்கு எதிரி. மண் இளகியதும் மூங்கில் குச்சியால் லென்ஸின் கீழ் சிறிது சிறிதாகத் தள்ளுங்கள். பச்சை அல்லது பழுப்பான வழுவழுப்பு தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள், அதற்குக் கீழே போனால் எழுத்து போகும். சாம்பல்நிறப் பளபளப்பு மின்னினால் அது வெள்ளிப்பூச்சு, தேய்க்கவே கூடாது. எலுமிச்சை, வினிகர், கம்பி பிரஷ், பேட்டரி இணைத்துச் செய்யும் மின்பகுப்பு எல்லாமே தடை. ஒலிவ எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைக்கும் வழக்கம் உண்டு. அதிலுள்ள கொழுப்பு அமிலம் களிம்பை மெல்ல அரிக்கும், பரிந்துரைக்க இயலாது.

கவனிக்க வேண்டிய நோய் ஒன்று: வெளிர்பச்சை மாவு போலப் புள்ளிகள், குச்சி பட்டதும் உதிரும். கடினமான பச்சைக் களிம்பு நல்லது, இந்த மாவு ஆபத்து. உள்ளே தங்கிய செம்புக் குளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, செம்பை அரித்து, மறுபடி குளோரைடாகிச் சுழலும். மாவைக் குச்சியால் எடுத்துவிட்டு, 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 50 கிராம் சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைத்து ஊறவையுங்கள். அது கிடைக்காவிட்டால் நீரற்ற சோடியம் கார்பனேட் 24 கிராமும் சமையல் சோடா 19 கிராமும் கலக்கலாம். வாரம் ஒருமுறை கரைசலை மாற்றி, சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை. களிம்பின் நிறம் சற்று மாறக்கூடும். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் பல நாள் ஊறவைத்து, மிதமான சூட்டில் முற்றிலும் உலர்த்துங்கள். நோயுள்ள காசை மற்றவற்றோடு வைக்காதீர்கள்.

மழைக்காலச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ திறந்த தட்டில் வைத்தால் புள்ளி மீண்டும் வரும். காற்றுப்புகா டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழ். மென்மையான பி.வி.சி. உறை வேண்டாம், அதுவும் ஹைட்ரஜன் குளோரைடு உமிழும். அமிலமற்ற காகித உறை போதும்.

போலியும் சட்டமும்

பழைய காசு அச்சில் வைத்துச் சுத்தியலால் அடித்தது. சாதாரணப் போலி வார்த்தது. லென்ஸில் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு தெரிந்தாலோ, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருந்தாலோ, எழுத்தின் அடிப்பகுதி சோப்பு கரைந்தது போல மழுங்கியிருந்தாலோ சந்தேகியுங்கள். இரண்டு காசுகள் ஒரே தேய்மானம், ஒரே விளிம்புக் கீறலுடன் இருந்தால் இரண்டுமே போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். உண்மையான தேய்ந்த காசில் ஊசியால் முடியையும் ஆடை மடிப்பையும் புதிதாகச் செதுக்கி விலையேற்றுவதும் உண்டு. செதுக்கிய இடத்தில் களிம்பு இராது, அல்லது பூசிய பச்சை நிறம் அசிட்டோன் தொட்ட பஞ்சில் ஒட்டிக்கொண்டு வரும்.

இந்தியாவில் மண்ணில் கண்டெடுத்த புதையலை 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட காசுகள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இலங்கையிலும் தொல்பொருள் சட்டம் இதில் கண்டிப்பானது. ஆற்றுமணலில் கிடைத்ததானால் கிடைத்த இடத்தையும் உறையில் எழுதிவையுங்கள்: எடை, விட்டம், தலைப்பக்கம், பின்பக்கம், நாணயச்சாலைக் குறி, கிடைத்த ஊர், நாள். அழிந்த எழுத்துக்கு ஊகத்தை நிரப்பாமல் புள்ளி வையுங்கள்.